ஆடி மாதத்து மாப்பிள்ளை

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போய்விட்டது. ஆடி நாலாம் வெள்ளி. வாங்க வேண்டியது: எலுமிச்சம்பழம், மல்லிகை இரண்டு முழம், கற்பூரம், குளியலறைக்குப் பல்பு.

பல்பு வாங்கவில்லை. போன் போச்சு.

கோவிலுக்குப் போகிற வழி. துன் சம்பந்தன் சாலையில், புடவைக் கடை வாசலில் நின்று ஒரு பெண்ணின் அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிக்கொண்டிருந்தேன். பையனுக்குத் தலையில் முடி கம்மி என்று அந்த அம்மாவுக்குக் குறை. முடியா வந்து குடும்பம் நடத்தப் போகுது என்று நான் ஏசிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையை நீட்டினான். அவ்வளவுதான். என் கை மட்டும் காதுப் பக்கத்தில் அப்படியே நின்றது.

நான் விழவில்லை. விரலில் கொஞ்சம் சிராய்ப்பு. கைப்பை, ஐசி அடையாள அட்டை, பணம் பத்திரம். பூமாலைக் கடை அக்கா ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். "போன்தானே ஆன்டி, உயிரா போச்சு" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் கல்யாணத் தரகு வேலைக்கு வந்த நாளிலிருந்து சேர்த்த பெண்களும் பையன்களும் மொத்தமும் அதற்குள். போட்டோ, ஜாதகம், ஐசியின் இரண்டு பக்கம், வீட்டு விலாசம், சம்பளம், யாருக்கு விவாகரத்து, யாருக்கு என்ன ஆபரேஷன். நம்பிக் கொடுத்தது.

போனுக்கு லாக் கூட இல்லை. நானே வேண்டாம் என்று எடுக்கச் சொன்னதுதான். பையன் வீட்டுக்குப் போனால் போன் ஒரு கையிலா நிற்கும்? அம்மா பார்ப்பாள், அத்தை பார்ப்பாள், கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு பெரியப்பா பார்ப்பார். ஹால் முழுக்க ஒரு சுற்று வருவதற்குள் பத்து தடவை பூட்டிக்கொள்ளும். பத்து தடவையும் "ஆன்டி, நம்பர்?" எரிச்சல். போன் கடை அன்வர் பாயிடம் சொல்லி எடுத்துவிட்டேன். அவர் அப்போதே வேண்டாம் என்றார். நான் கேட்கிற ஆளா.

கோவிலுக்குப் போகவில்லை. எலுமிச்சம்பழம் மேசையில்.

ஆகஸ்ட் 9, சனி

நல்ல மழை. குடையோடு போலீஸ் ரெப்போட். உங்களைத் தொடர்பு கொள்ள வேறு நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள். யோசித்தேன். பூமாலைக் கடை அக்காவின் நம்பரை அவளிடமே கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன்.

அவள் போனிலேயே பேங்குக்கும் அடித்தேன். கார்டு நிறுத்தியாச்சு. ஆப் நிறுத்தியாச்சு. இ-வாலட் நிறுத்தியாச்சு. பேங்க் பெண் பாதுகாப்புக்காக அம்மா பெயரைக் கேட்டாள். சொன்னேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை காலம் ஆச்சு. இன்னொரு தடவை சொல்லுங்கள், சரியாகக் கேட்கவில்லை என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

சிம் கம்பெனி கவுண்டரில் வரிசை. என் முறை வரும்போது சிஸ்டம் டவுன். திங்கள் வாங்க ஆன்டி. பழைய சிம்மை நிறுத்தவாவது முடியுமா? அதற்கும் சிஸ்டம் வேண்டுமாம். அதுவரைக்கும் அவன் கையில் என் நம்பர், என் வாட்ஸ்அப், என் பெயர்.

எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்று பார்த்தால் ஒருத்தர் நம்பரும் மனப்பாடம் இல்லை. ஞாபகத்தில் இருப்பது ஒரே ஒரு நம்பர், நான் கிளார்க்காக இருந்த ரயில்வே ஆபீஸ் மேசை நம்பர். அதை வைத்து என்ன செய்ய.

இரவுக்கு ரொட்டி சானாய், கடையில் தாப்பாவ் கட்டி வாங்கி வந்தது. ஆறிப் போய்விட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். யாரும் வரவில்லை.

வருவார்கள் என்று ஏன் நினைத்தேன் தெரியவில்லை. இந்த பிரிக்பீல்ட்ஸில் சரோஜா ஆன்டியின் பிளாட் எது என்று கேட்டால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூட கை காட்டுவார்கள். இரண்டு நாளாக என்னிடமிருந்து சத்தம் இல்லை. என்ன ஆச்சு என்று ஒரு ஆள் படி ஏறவில்லை. ஆடி மாதம், நல்ல காரியம் இல்லாத மாதம், தரகர் எதற்கு. அது சரிதான். ஆனாலும்.

சாப்பிடும்போதுதான் ரொம்பத் தெரிகிறது. சம்பால் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, வந்த வாய்ஸ் மெசேஜை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவது என் வழக்கம். மலாக்கா அம்மா ஒருத்தி எப்போதும் அழுவாள். ஈப்போ அப்பா ஒருத்தர் இருமிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். வாய் நிறையச் சோற்றோடு பதிலும் பேசுவேன். எனக்குப் பேச்சுத்துணை அதுதான். இன்று பாட்டில் மட்டும் எதிரே. பாதியில் எழுந்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாரும் கேட்பதும் இல்லை, ஏன் ஆன்டி ஆகவில்லை என்று. வயதாகிவிட்டால் அந்தக் கேள்வியும் நின்றுவிடுகிறது.

துவைத்தேன். காயவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

என்ன நாள் இது. வரிசையாக எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

காலை. சிம் கிடைத்தது, பழைய நம்பரே. அன்வர் பாய் கடையில் மலிவாக ஒரு போன். வாட்ஸ்அப் போட்டார். எஸ்எம்எஸ்ஸில் ஆறு நம்பர் கோட் வந்தது. அவன் அந்தப் பக்கம் வெளியேறிவிட்டான், சரி. ஆனால் என்னால் உள்ளே போக முடியவில்லை. கெட்டிக்காரன், ஒரு பின் நம்பர் போட்டு வைத்திருக்கிறான். ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமாம். என் வீட்டுக்கு நானே வாசலில் நிற்கிறேன்.

அடுத்தது இமெயில் கணக்கு. பாஸ்வேர்டு எங்கே எழுதி வைத்தீர்கள் ஆன்டி என்றார். போனிலேதான் என்றேன். பாய் மூக்கைச் சொறிந்தார். நல்லவேளை, கோட் என் நம்பருக்கே வந்தது. பாஸ்வேர்டு மாற்றியாச்சு. பிறகு ஒரு படம் காட்டினார். பூச்சோங் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் என் போன். அசையாமல் இருந்தது. அழித்தால் போனில் உள்ளதெல்லாம் போகும், இந்தப் புள்ளியும் போகும், பிறகு எங்கே இருக்கிறதென்று தெரியாது, சரியா என்று கேட்டார். புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழி என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் புள்ளி இல்லை.

பிறகுதான் போன் அடிக்க ஆரம்பித்தது. முதல் இரண்டும் ஏச்சு. எப்போது ஆன்டி பதிவுக் கட்டணம் கேட்க ஆரம்பித்தீர்கள், இத்தனை நாள் நல்லவர் மாதிரி நடித்தீர்களா என்று. அவன் என் பெயரில் வீடு வீடாக வரன் சொல்லியிருக்கிறான். போட்டோவைப் பார்த்துப் பையன் வீட்டில் பிடித்துவிட்டது, பதிவுக்குப் பணம் போடுங்கள் என்று. நான் அல்ல என்று சொன்னேன். ஒருத்தி நம்பினாள். இன்னொருத்தி கட் பண்ணினாள்.

மூன்றாவது, பண்டமாரான் மாலதியின் அண்ணி.

மாலதி துறைமுகத்தில் ஷிப்பிங் ஆபீஸ் வேலை. நாற்பதை நெருங்குகிறாள். அப்பா அம்மா இல்லை, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பல வருஷமாகப் பார்க்கிறேன், எதுவும் அமையவில்லை. எத்தனையோ ஹாலில் அவள் போட்டோவைச் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் அடுத்த போட்டோவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

அண்ணி கேட்டது இதுதான். "ஆன்டி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆறு மணிக்குத்தானே? கேசரி கிண்டிட்டேன். வடை அவங்க வந்த பிறகு சுடச்சுட போட்டுக்கலாம் லா."

வர்றேன் என்று மட்டும் சொன்னேன். மாப்பிள்ளையோடு வருகிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கம்முட்டர் ரயில் ஏறிக் கிள்ளான். அங்கிருந்து பண்டமாரானுக்கு டாக்சி. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்தேன். எனக்கா பேசத் தெரியாது? பேசியே பிழைக்கிறவள். ஒன்றும் வரவில்லை.

வாசலில் செருப்பெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது. ஹாலில் புதுத் திரைச்சீலை. அண்ணன் அரை நாள் லீவு போட்டு, கஞ்சி போட்ட சட்டையில். என் பின்னால் யாரும் இல்லையா என்று தெருவை எட்டிப் பார்த்தார். மாலதி உள்ளேயிருந்து வந்தாள். கடல் பச்சைப் பட்டு, தலையில் பூ. நன்றாக இருந்தாள். சத்தியமாக நன்றாக இருந்தாள். அந்தப் போட்டோவில் அவள் பாதி கூட இல்லை.

என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சமையலறைக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமை போன் போனது, எழுதினது நான் இல்லை, மாப்பிள்ளை என்று ஒருத்தர் கிடையாது. அண்ணி அடுப்பை அணைத்தாள். மாலதி அழவில்லை.

"ஆடியில யாரு ஆன்டி பொண்ணு பாக்க வருவாங்க? எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேக்கல. கேட்டா நின்னு போயிடும்னு பயமா இருந்துச்சு."

அண்ணிக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணனுக்கும். இந்தக் காலத்துப் பையன், ஆடி கீடி பார்க்க மாட்டான் போல என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சமாதானம் சொல்லிக்கொண்டு கேசரி கிண்டியிருக்கிறார்கள். திருடன் நம்ம ஆள்தான், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறான். வீட்டில் காலண்டர் இல்லாதவன்.

போனைக் காட்டினாள். நான் ஒருநாளும் எழுத மாட்டேன், வாய்ஸ்தான், ஊருக்கே தெரியும். தொண்டை கட்டிக்கொண்டது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். அதையும் நம்பியிருக்கிறாள். பிறகு சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், குத்துவதற்காக இல்லை.

"இன்னொன்னுலயும் தெரிஞ்சிருக்கணும் ஆன்டி. சாப்டியாம்மா, சாப்டியாம்மான்னு தினமும் கேட்டுச்சு. நீங்க ஒருநாளும் கேட்டதில்லையே."

இல்லை. கேட்டதில்லை. ஜாதகம் கேட்பேன், சம்பளம் கேட்பேன், எடை கேட்பேன்.

பணம் போட்டிருக்கிறாள். ஐசி இரண்டு பக்கமும் புதிதாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள், பதிவுக்கு என்று. உட்கார வைத்து எல்லாம் செய்ய வைத்தேன். பேங்குக்குப் போன், பாஸ்வேர்டு மாற்றம். ஐசி விவரத்தையும் சேர்த்து ரெப்போட் கொடுக்க அண்ணன் அவளைப் பட்டுப் புடவையோடேயே காரில் கூட்டிப் போனார். போலீஸ் ஸ்டேஷனில் எல்லாரும் அவளைப் பார்த்திருப்பார்கள்.

அண்ணி கேசரியை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் இன்னும் சங்கடம். வாங்கிக்கொண்டேன். ஃபிரிட்ஜில் இருக்கிறது. திறக்க மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேகமூட்டம். முட்டி வலி.

மாலதி காலையிலேயே ஆபீசிலிருந்து கூப்பிட்டாள். "என் போட்டோ, ஜாதகம், ஐசி எல்லாத்தையும் அழிச்சிடுங்க ஆன்டி. இனிமே எனக்குப் பாக்க வேணாம்."

எல்லாம் நேற்றே போனோடு அழிந்துவிட்டது என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன். சந்தேகத்துக்கு அன்வர் பாயிடம் கேட்டால், போனில் போனது போனதுதான் ஆன்டி, ஆனால் கணக்கில் நகல் இருக்கும் என்று திறந்து காட்டினார். இருந்தது. எல்லாமே இருந்தது. எனக்கு முதலில் சந்தோஷம். அப்புறம் அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

மாலதியின் போட்டோக்கள், தீபாவளிக்கு எடுத்தது, ஸ்டூடியோவில் எடுத்தது, ஆபீஸ் விருந்தில் எடுத்தது. ஜாதகம். ஐசி. அழித்தேன். குப்பைத்தொட்டிக்குப் போகுமாம், அங்கேயும் போய் அழிக்க வேண்டுமாம். அங்கேயும் அழித்தேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. கல்யாணம் முடிந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகிறவள் இன்னும் என்னிடம் பெண் பார்க்கிற புடவையில் நிற்கிறாள். எதற்காக வைத்திருந்தேன்? வேலைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். துணைக்குத்தான் வைத்திருந்தேன். தாலி ஏறியதும் தரகர் முகம் யாருக்கும் வேண்டாம். பேர் வைக்கிற விருந்துக்குக் கூடக் கூப்பிட மாட்டார்கள், வரவேண்டிய தரகுப் பணத்தைக் கேட்டுவிடுவேனோ என்று. நான் மட்டும் எல்லாரையும் வைத்துக்கொண்டிருந்தேன், சொந்தக்காரி மாதிரி.

கல்யாணம் ஆனவர்கள் எல்லாரையும் அழித்தேன். செத்துப்போன பையன் ஒருத்தன், பினாங்கு. அவன் அம்மா இன்னும் என்னோடு பேசுவாள். அவன் போட்டோவை அழிப்பதற்கு முன்னால் அவளைக் கேட்க வேண்டும்.

கண் எரிகிறது. வீடு காலி பண்ணின மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மழை, வெயில், மழை.

அன்வர் பாய் கடை. போனுக்கு லாக் போட்டாச்சு. பிறந்த வருஷம் வேண்டாம், வீட்டு நம்பர் வேண்டாம் என்றார். அப்படியானால் எனக்கு ஞாபகம் இருக்கிற நம்பர் ஒன்றுதான். ரயில்வே மேசை. அதன் கடைசி எண்கள். இங்கே எழுதக்கூடாது.

இன்னொன்றும் கேட்டார். கணக்குக்கு மீட்பு நம்பர். திரும்ப இப்படி ஆனால் கோட் வேறு ஒருத்தர் போனுக்குப் போக வேண்டும், திருடன் கையில் இருக்கிற போனுக்கே போனால் என்ன பிரயோஜனம். நம்பிக்கையான ஆள் நம்பர் ஒன்று கொடுங்கள் ஆன்டி. மகன், மகள், தம்பி, யாராவது.

கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். யார் நம்பரைக் கொடுப்பது என்று நிறையப் பேர் இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். பூமாலைக் கடை அக்கா? மாசத்துக்கு ஒரு நம்பர் மாற்றுவாள். அன்வர் பாய்? வேலை பர்மிட் முடிந்தால் ராமநாதபுரம் திரும்பிவிடுவார். ஆபீஸ் தோழி ஒருத்தி இருந்தாள், மகனோடு ஆஸ்திரேலியா. காகிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. சோறு வைக்கவும் மறந்துவிட்டேன்.

கேசரியைத் திறந்தேன். கெட்டுப் போகவில்லை. நின்றபடியே சாப்பிட்டேன். நெய் நிறைய. வருகிறவர்களுக்காகப் போட்ட நெய்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. கோவிலில் கூழ். கூட்டம். போனை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன், எல்லாக் கிழவிகளையும் போல.

மாலதி கூப்பிட்டாள். அழித்தீர்களா என்று கேட்கத்தான். அழித்தேன், குப்பைத்தொட்டியிலும் அழித்தேன், நகல் இருந்தது, உன்னிடம் முதலில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். சரி ஆன்டி என்றாள். உன் நம்பர் மட்டும் இருக்கிறது என்றேன். பின்னால் துறைமுக லோரிகளின் சத்தம்.

எப்படிக் கேட்டேனோ தெரியாது. ஊரெல்லாம் பெண் கேட்கிற எனக்கு இதைக் கேட்க வாய் குழறியது. எனக்கு ஒரு நம்பர் வேண்டும் மாலதி, கோட் வந்தால் பார்த்துச் சொல்ல, அவ்வளவுதான், உன்னுடையதைப் போடவா, வேறு யாரும் இல்லை.

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"போட்டுக்குங்க ஆன்டி. ஆனா மாப்பிள்ளை இருக்குன்னு மட்டும் எனக்குக் கூப்பிடாதீங்க."

கூப்பிட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். உடனே அன்வர் பாயிடம் போய்ப் போட்டாச்சு. யார் ஆன்டி, சொந்தமா என்றார். ஆமாம் என்றேன். டப்பா திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் டப்பாவாகக் கொடுக்கக்கூடாது. முறுக்கு?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தாச்சு. வானம் சுத்தம். இனிமேல் கூப்பிட ஆரம்பிப்பார்கள், அல்லது ஆரம்பிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் நாளைக்குத் திறக்கும். பல்பு வாங்கி மாட்டியாச்சு.

மதியம் சோறு, ரசம், முட்டைப் பொரியல். போனைப் பழக்கத்தில் சம்பால் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். கேட்க ஒன்றும் இல்லை. சும்மா இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், அடித்தது. மாலதி.

"ஆன்டி, கோட் ஒன்னு வந்திருக்கு. ஆறு நம்பர். நீங்களா கேட்டீங்க?"

நான் கேட்கவில்லை. அன்வர் பாய் முன்பே எச்சரித்திருந்தார். அழித்த போன் என் கணக்கைக் கேட்கும், பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று அவன் தட்டிப் பார்ப்பான் என்று. தட்டிப் பார்க்கிறான். அவன் தட்டுகிற கதவுக்கு அந்தப் பக்கம் இப்போது மாலதி நிற்கிறாள்.

யாரிடமும் சொல்லாதே என்றேன். பேங்க் என்று சொன்னாலும், போலீஸ் என்று சொன்னாலும். என் நம்பரிலிருந்து நானே கேட்டாலும் சொல்லாதே. சரி ஆன்டி என்றாள். அழித்துவிடு என்றேன். அழிச்சிட்டேன் என்றாள்.

பேச வேண்டியது அவ்வளவுதான். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. தட்டில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

"சாப்டியா?" என்று கேட்டேன்.

அவள் ரொம்ப ஜாக்கிரதையாகக் கேட்டாள்:

"ஆன்டி... பேசறது நீங்கதானே?"